வெங்காயத் தண்டலும் வெளியுறவுக் கொள்கையும்

ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கலாமா, இலங்கைக்குக் கடன் கொடுக்கலாமா, நிலாவுக்கு ராக்கெட் விட்டது தண்டச் செலவா என்பதையெல்லாம் டெல்லியில் முடிவு செய்கிறார்கள் என்று நாட்டில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தூத்துக்குடி நங்கூரத் தெருக்காரர்களுக்கு அந்த மயக்கம் கிடையாது. அவையெல்லாம் பிச்சையா அண்ணாச்சியின் டீக்கடையில், காலையில் முதல் பால் பொங்கும்போதே முடிவாகிவிடும். டெல்லிக்குத் தகவல் போய்ச் சேராததுதான் குறை.

அந்தக் கடையின் வெளியுறவு மந்திரி இனிகோ. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலிக்குச் சரக்குத் தோணி நடத்துகிற தண்டல். தண்டல் என்றதும் வட்டிக்காசு பிரிக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். சுக்கான் அவர் கையில், ஆட்கள் அவர் சொல்லில். கரைக்கு வந்தால் அவர் சொல்லைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்பதால் டீக்கடைக்கு வந்துவிடுவார்.

நிலா விஷயத்தில் அவர் கொடுத்த தீர்ப்பு தெருவில் இன்றும் பேசப்படுகிறது. "நிலாவுல பள்ளம் இருக்குன்னு போட்டோ எடுக்க இத்தன கோடியாக்கும்? நம்ம தெருவுக்கு வந்திருந்தா ஓசியிலயே காட்டியிருப்பேன்லா!"

பள்ளத்தைப் பற்றி அவர் பேசினால் அதில் வயிற்றெரிச்சல் இருந்தது. நங்கூரத் தெருவில் மழைத்தண்ணீர் போக வாறுகால் கிடையாது. கட்டப்போகிறோம் என்று எப்போதோ வந்து குழி வெட்டியதோடு சரி. வெட்டிய குழி வீணாகக் கூடாது என்று தெருக்காரர்கள் அதில் குப்பை போட்டு நிரப்பிவிட்டார்கள். டிசம்பரில் அந்தப் பேய் மழை பெய்தபோது, தண்ணீர் கடலுக்குப் போக வழி கேட்டு வழி கேட்டு, கடைசியில் இனிகோ வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கு மேலே நின்றது. கடலிலேயே பிழைத்த மனிதர் சொந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். தவணை கட்டி முடித்த பிரிட்ஜ் மல்லாந்து மிதந்ததைப் பார்த்து அவர் பெண்டாட்டி பிலோமி அழுத அழுகையை அவரால் மறக்க முடியவில்லை. சாதாரணமாக அழுகிற பெண்ணில்லை அவள்.

வீடு காய்ந்து முடிவதற்குள் ஜனவரி பிறந்தது, மாலத்தீவோடு தகராறும் வந்தது. அங்கே யாரோ நம்மைப் பற்றி ஏதோ எழுதினார்கள், இங்கே எல்லோருக்கும் ரோஷம் வந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் இனி அந்தத் தீவுக்குக் குளிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். நங்கூரத் தெருவிலிருந்து அங்கே குளிக்கப் போனவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் தெருவும் போவதில்லை என்று ஒரு மனதாகத் தீர்மானித்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஜெமி வந்தாள். பக்கத்துத் தெருப் பெண். கையில் மைக், யூடியூபில் சொந்தச் சேனல். "மாலத்தீவுக்கு நம்ம அரசாங்கம் கோடிக்கணக்குல உதவி பண்ணுதே, மக்கள் என்ன நெனைக்கிறீங்க?" என்று கடைக்குள் மைக்கை நீட்டினாள். மற்றவர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே மைக் இனிகோ கைக்குப் போய்விட்டது.

இனிகோ பேசினார். வாறுகால் வெட்டிய கதை, வெட்டியதை விட்ட கதை, பிரிட்ஜ் மிதந்த கதை, நிவாரண டோக்கனுக்கு வரிசையில் நின்று மயங்கி விழுந்த கதை என்று எல்லாவற்றையும் பேசினார். இரண்டாவது டீயும் ஆறிப்போனது. பேச்சின் வேகத்தில் கடைசியாக ஒன்று சொன்னார்: "ஏன் கேக்கேன், சொந்த வீட்டுல கொடம் கவுந்து கெடக்கு, அடுத்த வீட்டுக்கு இவம் தண்ணி ஊத்துதான்! மாலத்தீவுக்காரனுக்கு இங்கனேருந்து ஒரு வெங்காயம் போகக் கூடாது! வெங்காயம் இல்லாம மீனத் தின்னு பாக்கட்டும். அப்பத் தெரியும் இந்தியான்னா யாருன்னு!"

ஜெமி வாறுகாலை வெட்டிவிட்டாள். பிரிட்ஜையும் வெட்டிவிட்டாள். வெங்காயத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் ஓடியது. இனிகோ முகத்துக்குப் பின்னால் யாரோ தேசியக் கொடியைச் சேர்த்திருந்தார்கள். இன்னொருவர் அதில் பீரங்கி வெடிக்கிற சத்தம் போட்டிருந்தார். திருச்சியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் பண்ணி, "ஐயா, நீங்கதான்யா ஆம்பள" என்று அழுதார். இனிகோவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுப்படியில் அயிலை மீன் உரசிக்கொண்டிருந்த பிலோமியிடம் போய்ப் போனைக் காட்டினார்.

அவள் முழுவதும் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கழிச்சு எங்க போறீய?"

"மாலிக்கு. ஏன்?"

"தோணியில என்ன ஏத்தியிருக்கு?"

இனிகோ போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார். "வெங்காயம்" என்றார்.

அவர் முட்டாள் இல்லை. இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். டீக்கடையில் பேசுவது நாட்டு விஷயம். தோணியில் ஏற்றுவது பிழைப்பு. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன சம்பந்தம் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்கிற ஒரே ஆள் அடுப்படியில் இருந்ததால் டீக்கடையில் கேள்வி எழவில்லை.

மறுநாள் காலை தோணி முதலாளி ஃபிராங்க்ளின் கூப்பிட்டு அனுப்பினார். பழைய துறைமுகத்தில் தோணி வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்குமாகப் பாதி அமிழ்ந்து நின்றது. ஃபிராங்க்ளின் முகம் அதைவிட அமிழ்ந்திருந்தது.

"தண்டல், மணிக் பாய் படத்த பாத்துட்டாரு."

மணிக் மாலியில் சரக்கெடுக்கிற வியாபாரி. சின்ன வயதில் கொழும்பில் கடை வேலை பார்த்தவர், தமிழ் நன்றாக வரும். அதாவது, வெங்காயத்தைப் பற்றி இனிகோ சொன்னது அவருக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்துவிட்டது.

"அவுக துறைமுகத்துல மூட்ட எறக்குற ஆளுக எல்லாம் கொதிச்சுப் போய்க் கெடக்காவளாம். அந்தாளு கொண்டுவந்த மூட்டயத் தொட மாட்டோங்காவ. நீங்க அதே சேனல்ல மன்னிப்புக் கேக்கணும், இல்லன்னா வேற தண்டல் வரணும்னு மணிக் சொல்லுதாரு." ஃபிராங்க்ளின் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார். "நாள மத்தியானத்துக்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா அமலன்கிட்ட சுக்கானக் குடுத்துருங்க. கோவிச்சுக்கிடாதீய. சரக்கு அழுகிரும்."

அமலன் இனிகோவின் அக்காள் மகன். தோணியில் அவருக்கு அடுத்த ஆள். அவன் பக்கத்தில் நின்று கயிற்றில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். "மாமா, நானா கேக்கல" என்று மட்டும் சொன்னான்.

தூத்துக்குடியில் மிச்சமிருக்கிற தோணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு முதலாளி இறக்கிவிட்ட தண்டலை இன்னொருவர் ஏற்ற மாட்டார். ஐம்பது தாண்டிய வயதில் கரையில் உட்கார்ந்தால், பிச்சையா கடையில் முழுநேர வெளியுறவு மந்திரியாகத்தான் உட்கார வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. டீக்குக்கூடச் சொந்தக் காசு.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் அன்று சாயங்காலம் தெருவில் அவருக்குப் பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது.

ஏற்பாடு ராஜதுரை. தெருமுனையில் கொடிக்கம்பம் நட்டு, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதி வைத்திருப்பவர். எந்தக் கட்சி என்பது கொடியைப் பார்த்தால்தான் தெரியும், கொடியும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும். டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு, இனிகோவை உட்கார வைத்து, பளபளவென்று ஒரு சால்வையைப் போர்த்தினார். தை மாதத்திலும் அந்தச் சால்வைக்குள் இனிகோவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"எல்லையில ராணுவ வீரன் துப்பாக்கியப் புடிச்சிட்டு நிக்கான். நம்ம தண்டல் வெங்காயத்தப் புடிச்சிட்டு நிக்காரு!" என்று ராஜதுரை முழங்கினார். கைதட்டல் அடங்கியதும் தீர்மானம் வாசித்தார்: இன்று முதல் நங்கூரத் தெருவிலிருந்து மாலத்தீவுக்கு ஒரு கொத்துக் கருவேப்பிலைகூடப் போகக் கூடாது. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம். எல்லோரும் தூக்கினார்கள். பிச்சையா அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

இனிகோ சால்வையோடு வீட்டுக்கு வந்து, இன்னும் ஈரவாடை போகாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? வீட்டுக்குள்ள தண்ணி வந்தது பொய்யா?" என்று பிலோமியிடம் கேட்டார்.

"தண்ணி வந்தது நெசம். அதுக்கு வெங்காயம் என்ன செய்யும்?" என்றாள் அவள்.

அப்போது புறவாசல் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோணி புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், அக்கரையில் ஆள் உள்ளவர்கள் தண்டல் வீட்டுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவருவார்கள். ஊறுகாய், கருப்பட்டி, பேரனுக்குச் சட்டை என்று எதுவானாலும் சரி. தண்டல் அதை மறுக்கக் கூடாது. தெருக்காரன் பொட்டலத்தை மறுத்துவிட்டுக் கிளம்பினால் பயணம் உருப்படாது என்பது இந்தக் கரையின் நம்பிக்கை. வழக்கமாக வாசல் வழியாகத்தான் வருவார்கள். இன்றைக்குப் புறவாசல்.

பிச்சையா அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். தோளில் ஈரச்சாக்கு சுற்றிய ஒரு பெரிய கட்டு. வாசனையே சொன்னது, ஆத்தூர் வெற்றிலை.

"அண்ணாச்சி, இப்பத்தான ரெண்டு கையயும் தூக்குனீய?" என்றார் இனிகோ.

"கை தூக்குனது நாட்டுக்கு. இது என் மச்சினன் கொடிக்கால்ல வெளஞ்சது. மாலியில வெத்தல இல்லாம ஒருத்தனுக்கும் பொழுது விடியாது. நீங்க பாட்டுக்கு ஒரு மூலையில போட்டுக்கிடுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் புறவாசலில் இன்னொரு காலடிச் சத்தம். அண்ணாச்சி வெற்றிலைக் கட்டோடு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டார். வந்தவர் ராஜதுரை. கையில் ஒரு மக்ரூன் டப்பா, எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டில், சாம்பார் பொடி. அவருடைய மருமகன் மாலத்தீவில் ஏதோ ஒரு தீவில் கணக்கு வாத்தியார். அவரோடு அங்கே இருக்கிற மகள் முழுகாமல் இருக்கிறாள். வாய்க்கு ருசியாக எதுவும் இறங்கவில்லையாம்.

"ஒரு கொத்துக் கருவேப்பில கூடப் போகக் கூடாதுன்னீயளே?" என்று பிலோமி கேட்டாள்.

"இதுல கருவேப்பில இல்லக்கா" என்றார் ராஜதுரை கூசாமல்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்சிக்காரரும் டீக்கடைக்காரரும் பொட்டலங்களோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே வெட்கம் வரவில்லை. "பின்ன என்ன செய்ய?" என்கிற பார்வைதான் வந்தது.

"நான் போகலன்னா?" என்று இனிகோ கேட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

இரண்டு பேரும் பதறிவிட்டார்கள். "போகாம எப்படி? நாட்ட விட்டுக்குடுக்காம பேச வேண்டியதுதான், தோணிய விடாம போக வேண்டியதுதான்! ரெண்டயும் போட்டு ஏன் கொழப்புதீய?" என்றார் ராஜதுரை. தாங்கள் இத்தனை உணர்ச்சியோடு கைதூக்கியதை இந்த மனிதர் நிஜமென்று நம்பிவிட்டாரே என்று அவருக்கு வருத்தம்கூட.

இனிகோவுக்கு முதலில் கோபம் வந்தது. சால்வையைச் சுருட்டி ராஜதுரையின் டப்பா மேலேயே வீசினார். அவர்கள் போன பிறகு சிரிப்பு வந்தது. பிலோமியும் சேர்ந்து சிரித்தாள். டிசம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

காலையில் ஜெமியைத் துறைமுகத்துக்கு வரச் சொன்னார். பிலோமியும் கூடவே வந்தாள், ஒரு காரணத்துக்காக. "மன்னிப்பு மட்டும் கேளுங்க. வேற ஒரு வார்த்த பேசக் கூடாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். இனிகோ சரி சரி என்றார். ஜெமியிடம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "இந்தத் தடவ ஒரு வார்த்தய வெட்டுன, உன்னயும் கேமராவயும் வெங்காயத்தோட ஏத்திக் கொண்டு போயிருவேன்."

மூட்டைகளுக்கு முன்னால் நின்று, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாலத்தீவுல உள்ள அண்ணன் தம்பிகளே, நான் வெங்காயத்தப் பத்திப் பேசுனது தப்பு. உங்க துட்டுலதான் என் வீட்டுல அடுப்பு எரியுது. மன்னிச்சிருங்க."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிலோமி கண்ணால் நிறுத்தச் சொன்னாள். ஆனால் எதிரில் மைக் இருந்தது.

"இப்ப ஒரு விண்ணப்பம். எங்க தெருவுக்கு வாறுகால் இல்ல. போன மழைக்கு என் பொண்டாட்டி பிரிட்ஜு மெதந்துட்டு. கேக்காத ஆள் இல்ல. கேட்டா துட்டு இல்லங்காவ. எங்க துட்டு உங்க ஊருக்கு வருதுன்னு டிவியில சொல்லுதாவ. வந்ததுல மிச்சம் மீதி கெடந்தா, எங்க தெருவுக்கு ஒரு வாறுகால் கட்ட உதவி பண்ணுங்க. மாலத்தீவு மக்களின் அன்பளிப்புன்னு போர்டு வச்சிருதோம். தெறப்பு விழாவுக்கு உங்களத்தான் கூப்பிடுவோம். நன்றி, வணக்கம்."

ஜெமி ஒரு வார்த்தையும் வெட்டாமல் போட்டுவிட்டாள்.

ஃபிராங்க்ளின் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மன்னிப்புக் கேக்கச் சொன்னா பிச்ச கேட்டுட்டு வந்திருக்கீயளே தண்டல்! அவுக நக்கலுன்னுதான எடுப்பாவ?" மணிக் பாய்க்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். வெயில் ஏறியது. மூட்டைகளிலிருந்து வெங்காய வாடை எழும்பியது. மத்தியானம் ஆனதும் ஃபிராங்க்ளின் இனிகோவின் முகத்தைப் பார்க்காமல் அமலனைப் பார்த்துத் தலையசைத்தார்.

இனிகோ தோணிக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கரையில் கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியில் உட்கார்ந்தார். பிலோமி பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"பிரிட்ஜ ஏன் சொன்னீய?" என்றாள்.

"நீ அழுதேல்லா."

அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். இனிகோவுக்கு எதைப் பற்றியும் எந்தக் கருத்தும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி. அமலன் என்ஜினை எழுப்புகிற சத்தம் கேட்டது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்டல்!" என்று ஃபிராங்க்ளின் கத்திக்கொண்டு ஓடிவந்தார். கையில் போன். மணிக் பதிலுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்.

மணிக் ஒரு தெருவில் நின்றுகொண்டிருந்தார். சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார், முழங்கால் வரை கலங்கல் தண்ணீர். அவருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பாதி முழுகி நின்றது, ஒரு கிழவர் கடைக்குள்ளிருந்து வாளியால் தண்ணீரை அள்ளித் தெருவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தண்டல், இதப் பாருங்க. இதுதான் எங்கட ரோட்டு. ராவு ஒரு மழ பேஞ்ச, அவ்வளவுதான். உங்கட நாட்டுச் சல்லி எங்களுக்கு வந்தெண்டு சொல்றீங்க. எங்கட டிவியிலயும் அப்பிடித்தான் சொல்றாங்க. நானும் அதத்தான் தேடிக்கொண்டிருக்கிறன். உங்கட தெருவுக்கும் வரயில்ல, எங்கட தெருவுக்கும் வரயில்ல. ஒழுங்கா வந்து சேர்ற ஒரே சாமான் உங்கட வெங்காயம்தான். எங்கட ஆளுகள் எல்லாம் சிரிச்சிச் சிரிச்சிப் பாக்குறாங்க. வேற யாரையும் அனுப்ப வேணாம். சரக்கு அழுகுறதுக்குள்ள நீங்களே கெதியா வாங்க."

ஃபிராங்க்ளின் தோணியைக் கை காட்டினார். பிலோமி பையைத் திருப்பிக் கொடுத்தாள். "அங்கன போய் வாயத் தெறக்காதீய" என்றாள், பயனில்லை என்று தெரிந்தே.

அமலன் சுக்கானிலிருந்து தானாக விலகி நின்றான். தோணி கிளம்பியது. வெங்காயமும் உருளைக்கிழங்கும், மூலையில் வெற்றிலைக் கட்டும், அதன் மேல் ராஜதுரையின் மக்ரூன் டப்பாவும் இருந்தன. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நீலத்தண்ணீருக்கு வந்த பிறகும் இனிகோ பேசவில்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்டலுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று ஒருவன் கேட்டேவிட்டான்.

கடைசியில் இனிகோ சுக்கானைப் பிடித்தபடியே அமலனிடம் திரும்பினார்.

"ஏலே, அங்கயும் போய்ச் சேரல, இங்கயும் இல்ல. அப்ப அந்தத் துட்டு எங்கதாம்ல போச்சு?"

அமலன் முன்னால் விரிந்து கிடந்த கடலை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தான்.

"ரெண்டு ஊருக்கும் நடுவுல போறது நாமதான மாமா. எங்கயாவது மெதக்குதான்னு பாத்துக்கிட்டே போவோம்."